வாரிசு: இது எந்த ஊர்ச் சொல்? கூடவே மிராசு, தாயம், முதுசம்

அரியலூரான்
மாமனார் சென்ற மாதம் தவறிவிட்டார். மைத்துனர் துபாயில் இருப்பதால் வாரிசுச் சான்றிதழ் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. மனுவை எழுதி வீட்டு வாட்ஸாப் குழுவில் போட்டேன். மனைவியின் சித்தப்பா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ‘வாரிசு’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ‘வழித்தோன்றல்’ என்று திருத்தி அனுப்பிவிட்டார். தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் அடிப்பவரோ, “வழித்தோன்றல் கிழித்தோன்றல் எல்லாம் வேண்டாம் சார், வாரிசுன்னே போடுங்க” என்கிறார். மனு எப்படியும் போய்விடும், அது பிரச்சினை இல்லை. அப்பன் சொத்து பிள்ளைக்கு வருவது நேற்று முளைத்த வழக்கமா என்ன? அதை வாங்குகிற ஆளைச் சொல்ல நமக்கென்று ஒரு சொல் இல்லாமலா போயிற்று? வாரிசு எங்கிருந்து வந்தது, அது வருவதற்கு முன் என்ன சொன்னார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலவீதி
அரபு. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனும் அரபு என்றே போட்டிருக்கிறது. அங்கே ‘வாரித்’ என்றால் சொத்துக்கு உரியவர். கடைசி எழுத்து நம் ‘த்’ கிடையாது, நாக்கு நுனியைப் பல்லில் வைத்து ஊதுகிற ஓசை. பாரசீகத்திலும் உருதுவிலும் அதை ‘ஸ்’ என்றுதான் சொல்வார்கள், அதனால் ‘வாரிஸ்’. தமிழ் வாய்க்கு மெய்யில் முடிந்தால் பிடிக்காதே, ஓர் உகரம் ஒட்டியது, வாரிசு ஆயிற்று.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ‘மிராசு’, ‘மிராசுதார்’ என்கிறோமே, அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான். ‘மீராத்’ என்றால் வழிவழியாக வரும் சொத்து, அதை வாங்குகிறவர் வாரித். துருக்கியில் இன்றைக்கும் பரம்பரைச் சொத்துக்கு ‘மிராஸ்’ என்றுதான் பெயர். ஆக மிராசும் வாரிசும் உடன்பிறப்புகள். ஒன்று நெல் வயலில் போய் உட்கார்ந்தது, மற்றது கச்சேரி என்ற அரசு அலுவலகத்துக் காகிதத்தில்.

வேர்தேடி
எதற்கெடுத்தாலும் அரபு, உருது, வடமொழி என்று எழுதிக் கொடுத்துவிடுவது நமக்கு ஒரு வியாதியாகிவிட்டது. ‘வாரி’ என்றால் தமிழில் வருவாய், விளைவு. “ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்”, 14ஆம் குறள். வருவாயை அடைபவன் வாரிசு. அது வேண்டாம் என்றால் ‘வரிசை’யைப் பாருங்கள். அப்பனுக்குப் பின் வரிசையில் நிற்பவன் வாரிசு. இரண்டுமே பொருளோடு ஒத்துப் போகிறதா இல்லையா?

மேலவீதி
பொருள் ஒத்துப்போவதை மட்டும் வைத்துக்கொண்டால் எந்தச் சொல்லுக்கும் எந்த வேரையும் கட்டிவிடலாம், வேர்தேடி. குறள் மேற்கோள் நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே வாரி என்பது மழையாகிய வருவாய். அதோடு ‘சு’ சேர்த்து ஆளைக் குறிக்கும் சொல் தமிழில் வேறு எங்கே இருக்கிறது? ஒன்று காட்டுங்கள். வரிசையில் ‘வ’ எதற்காக நீண்டது, கடைசி ஐகாரம் எதற்காக உகரமானது?

அக்கம்பக்கத்து மொழிகளையும் பாருங்கள். தெலுங்கில் வாரசுடு, கன்னடத்தில் வாரசுதார, மராட்டியில் வாரஸ், இந்தியிலும் உருதுவிலும் வாரிஸ். இத்தனை மொழிகளில் ஒரே பொருளில் ஒரே சொல் இருக்கிறது, அதுவும் எல்லா இடத்திலும் நிலவரி, நீதிமன்றம் சார்ந்த பேச்சில். ஆர்க்காட்டு நவாபு, தஞ்சை மராட்டியர், பிறகு கிழக்கிந்தியக் கும்பினி, மூன்று கச்சேரிகளிலும் பாரசீகக் கலைச்சொற்கள்தான் புழங்கின. தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, பசலி, ரசீது, வசூல், பாக்கி, ஜப்தி எல்லாம் வந்த கதவு அது. வாரிசும் அதே கதவு வழியாக வந்ததுதான். பசலியைச் சொன்னதும் நினைவு வருகிறது, ஜூலை 1 அன்று பிறக்கும் அந்த வருவாய் ஆண்டை இன்னும் நம் வருவாய்த் துறை விடவில்லை. 2024 ஜூலையில் பிறந்தது 1434ஆம் பசலி. அடங்கலை, அதாவது கிராமத்து நிலக் கணக்கை, எடுத்துப் பாருங்கள், மேலேயே இருக்கும்.

கடற்கரைத்தெரு
காயல்பட்டினத்திலிருந்து. மேலவீதி அண்ணன் சொன்ன வேர் சரி. ஆனால் ஸகர ஓசையை வைத்து அது பாரசீகம் வழியாகத்தான் வந்தது என்று முடிவு கட்ட முடியாது. நபிமொழியைக் குறிக்கும் ஹதீஸ் என்ற சொல்லிலும் கடைசி எழுத்து அதே ஊதுகிற எழுத்துதான். அரபிகளோடு நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் இருந்த எங்கள் ஊரிலும் அதை ஹதீஸ் என்றே சொல்கிறோம், யாரும் ஹதீத் என்பதில்லை. கச்சேரி வழியாக வந்தது என்பதை மற்ற மொழிகளை வைத்துச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஓசையை வைத்துச் சொன்னதை அல்ல.

அல்லாஹ்வின் 99 திருநாமங்களில் ‘அல்வாரித்’ ஒன்று. எல்லாரும் போன பிறகும் இருப்பவன், எல்லாம் கடைசியில் போய்ச் சேருமிடம். அந்தச் சொல்தான் உங்கள் தாலுகா ஆபீஸ் மனுவில் இருக்கிறது என்று சித்தப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் வீடுகளில் சொத்துப் பிரிப்பதை ‘பராயில்’ பார்ப்பது என்போம். குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்திலேயே பங்குகள் சொல்லப்பட்டிருக்கின்றன. மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகளுக்குப் பாதிதானே என்று கேட்பவர்கள் கேட்கலாம், ஆனால் அவள் வாரிசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, பெயர் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். நடைமுறையில் எங்கள் ஊரிலும் கீழக்கரையிலும் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். விவசாய நிலம் மட்டும் முதலில் சிக்கலாக இருந்தது. 1937 ஷரீஅத் சட்டம் அதை விட்டுவிட்டது, 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் கொண்டுவந்து சேர்த்தது.

கிள்ளான்வாசி
மலேசியாவிலிருந்து ஒரு செய்தி. இங்கே ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்க்கும்போது படிவத்தில் ‘வாரிஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும், மலாய்ச் சொல். சொத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்கிறார்கள். நெருங்கிய உறவு யார், அவ்வளவுதான். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, “நான் சாகவே இல்லையே, அதற்குள் வாரிசு எதற்குக் கேட்கிறார்கள்” என்று பதறிப் போனான்.

‘வாரிசான்’ என்றால் மலாயில் மரபுச் செல்வம். 2008இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து ‘வாரிசான் துனியா’ என்று எங்கே பார்த்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். துனியாவும் அரபுதான்.

ஆவணப்பிள்ளை
பத்திரம் எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பழைய கிரயப் பத்திரம் யார் வீட்டிலாவது இருந்தால் கடைசிப் பத்தியைப் பிரித்துப் பாருங்கள். “இது முதல் தாங்களே மேற்படி சொத்தை சர்வ சுதந்திர பாத்தியமாயும், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாயும், புத்திர பௌத்திர பாரம்பரியமாயும் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” இதில் வாரிசு எங்கே? புத்திரன், பௌத்திரன், அதாவது மகன், பேரன். எழுதி வாங்குகிறவர் ஒரு அம்மாவாக இருந்தாலும், அவருக்கு இரண்டும் பெண்ணாக இருந்தாலும், இதே புத்திர பௌத்திரம்தான். நாங்களும் மாற்றாமல் எழுதிக்கொண்டே இருந்தோம், யாரும் கேட்டதில்லை.

வாரிசு என்ற சொல் பத்திரத்தில் வேறு இடத்தில் வரும். “எனக்காவது என் இதர வாரிசுகளுக்காவது இனி மேற்படி சொத்தில் எவ்வித பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை” என்று எழுதிக் கொடுக்கிற இடத்தில். அனுபவிக்கிற இடத்தில் புத்திரன், பின்னால் வந்து வம்பு பண்ணக்கூடிய ஆட்களை அடைக்கிற இடத்தில் வாரிசு. யார் யார் வருவார்கள் என்று தெரியாதபோது அத்தனை பேரையும் அமுக்கிப் போட இந்தச் சொல்தான் வசதி. டைப் அடிப்பவர் சொன்னதில் தப்பில்லை.

இன்னொன்று, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தாசில்தார் கொடுப்பது வாரிசுச் சான்றிதழ். இறந்தவருக்கு யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு மட்டும் அது அத்தாட்சி, சொத்து யாருக்கு என்று அது தீர்த்து வைக்காது. கோர்ட்டில் 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி வாங்குவது வாரிசுரிமைச் சான்று, அதை இறங்குரிமைச் சான்று என்றும் எழுதுவார்கள். அது கடன், பங்குப் பத்திரம் மாதிரி விஷயங்களுக்கு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஜனங்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதற்கு அலைகிறார்கள்.

அரியலூரான்
ஆவணப்பிள்ளை ஐயா, நல்ல நேரத்தில் வந்தீர்கள். மாமனாரின் அம்மா, அதாவது என் மனைவியின் அப்பாயி, உயிரோடு இருக்கிறார். அவர் பெயரையும் பட்டியலில் போட வேண்டுமா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு தாலுகா அலுவலகத்தில் கேட்டால், “அம்மாவெல்லாம் எதுக்கு, மனைவி பிள்ளைகள் போதும்” என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆவணப்பிள்ளை
போட்டே ஆக வேண்டும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் உங்கள் வீட்டுக் கணக்கில் ஆளுக்குக் கால் பங்கு. வேடிக்கை என்னவென்றால் தகப்பனார் முதல் வகுப்பில் கிடையாது, இரண்டாம் வகுப்பு. பெற்ற அம்மா மகன் சொத்தில் பங்காளி, அப்பா வாசலில் நிற்க வேண்டும். இதைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் நம்புவதில்லை.

இன்னும் கேளுங்கள். அந்த அப்பாயி நாளைக்கு உயில் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் அவருடைய கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் சேர்த்து. உங்கள் மனைவியின் சித்தப்பா அவருடைய வயிற்றுப் பிள்ளைதானே? சிவப்பு வட்டம் போட்டவர் அப்போது வாரிசாக வந்து நிற்பார், எந்தச் சொல்லில் கையெழுத்துப் போடுகிறார் என்று பார்ப்போம்.

பாவலர்மகள்
சிரித்து முடியவில்லை. நான் கொஞ்சம் பழைய பக்கம் போகிறேன்.

அரியலூரான் கேட்டதற்கு நேரடி பதில் ‘தாயம்’. புறநானூறு 75, சோழன் நலங்கிள்ளி பாடியது: “மூத்தோர் மூத்தோர்க் கூற்றம் உய்த்தெனப் பால்தர வந்த பழவிறல் தாயம்”. முன்னோரை ஒவ்வொருவராக எமன் கொண்டுபோக, ஊழ் கொண்டுவந்து கையில் கொடுத்த பழைய அரசுரிமை. அதைப் பெற்றுவிட்டோம் என்பதற்காகக் குடிகளிடம் வரி வரி என்று இரப்பவன் சிறியவன் என்று அந்த அரசனே சொல்கிறான். நான் படித்தவரை இந்த விஷயத்தில் இதைவிடக் கூர்மையாக யாரும் பேசவில்லை. தொல்காப்பியத்திலும் பொருளியலில் ‘தாயத்தின் அடையா’ என்று வருகிறது, வாரிசு முறையில் வந்து சேராதவை என்று பொருள்.

ஆனால் கவனியுங்கள், தாயம் சொத்துக்குப் பெயர், ஆளுக்கு அல்ல. ஆளுக்கு வந்த பெயர் ‘தாயாதி’. அது தாயம் வாங்கத் தகுந்தவர்கள் எல்லாருக்கும் பொதுப் பெயர், அதாவது அப்பா வழி ஆண்கள். ‘பங்காளி’யும் அப்படியே. என் அண்ணன் எனக்கு அண்ணன், என் சித்தப்பா மகனுக்குப் பங்காளி. நான் யாருக்கும் பங்காளி இல்லை. ‘பங்காளி வீட்டுச் சாவு’ என்றால் தீட்டு யாருக்கு என்று ஊரில் கணக்கு இருக்கிறதே, கல்யாணமாகிப் போன பெண் அந்தக் கணக்கில் எங்கே வருகிறாள் என்று நினைத்துப் பாருங்கள்.

‘எச்சம்’ என்று ஒன்று உண்டு. “தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தால் காணப்படும்”. பரிமேலழகர் அதற்கு மக்கள் என்று பொருள் எடுத்தார், விட்டுச் செல்லும் புகழும் பழியும் என்று எடுத்தவர்களும் உண்டு. நல்ல சொல்தான், ஆனால் இன்றைக்கு எச்சம் என்றால் காக்கை எச்சம்தான் ஞாபகம் வரும், மனுவில் போட முடியாது. சித்தப்பா சொன்ன வழித்தோன்றலோ வம்சத்தைச் சொல்கிறது. மனைவி வழித்தோன்றல் ஆவாளா? அப்பாயி ஆவாரா? இரண்டு பேரும் வாரிசு, இரண்டு பேருமே வழித்தோன்றல் இல்லை. தமிழ்ப்பற்று என்ற பெயரில் அந்தத் திருத்தம் இரண்டு பெண்களின் பெயரை மனுவிலிருந்து எடுத்துவிடுகிறது.

அதனால்தான் எனக்கு வாரிசு பிடிக்கும். தமிழில் அதற்கு ஆண்பால் பெண்பால் விகுதி ஒட்டவில்லை, வெளியூரிலிருந்து வந்ததால் நம் வீட்டுப் பழக்கம் தெரியாமல் வந்துவிட்டது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுத் திருத்தம் மகளுக்கும் பிறப்பால் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை கொடுத்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவளுக்கு இல்லை என்று ஒரு கொக்கி. 2005 செப்டம்பர் 9 மத்திய திருத்தத்தில் அந்தக் கொக்கி போயிற்று. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து வருஷம் இழுத்தார்கள், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேண்டியதில்லை என்றது. இத்தனைக்குப் பிறகும் வீட்டில் பாகப் பிரிவினைப் பேச்சு வந்தால் “பங்காளிங்க மட்டும் உட்காருங்க” என்றுதான் ஆரம்பிக்கிறது.

வேர்தேடி
தாயத்தையும் வடமொழி ‘தாய’த்திலிருந்து வந்தது என்பார்கள், லெக்சிகன் அப்படித்தான் சொல்கிறது. தா என்னும் தமிழ் வினை இருக்கும்போது அங்கே போக வேண்டிய தேவை என்ன? தருவது தாயம். வாரிசை விட்டுக் கொடுத்தாலும் தாயத்தை விடமாட்டேன்.

பாவலர்மகள்
சண்டை போடுங்கள், அது நியாயமான சண்டை. வடமொழியிலும் அதன் வேர் ‘கொடு’ என்ற பொருளுள்ள வினைதான், அதனால் இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது. தாயாதியை மட்டும் உங்களால் காப்பாற்ற முடியாது. அது ‘தாயாத’, தாயத்தை எடுத்துக்கொள்பவன். அதில் ஒரு பாதியைத் தமிழாக்கினால் மறு பாதி இடிக்கும்.

கொக்குவிலான்
யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கட பக்கம் இதற்கு ‘முதுசொம்’ என்று சொல் உண்டு, பேச்சில் முதுசம். முது என்றால் பழைய, சொம் என்றால் சொத்து. சொம் வடமொழி ‘ஸ்வம்’ என்பதன் திரிபு என்று லெக்சிகன் வழி, சொந்தம், சொத்து எல்லாவற்றோடும் சேர்த்துத் தமிழ் என்பது தனித்தமிழ்க்காரர் வழி. வேர்தேடிக்கு இன்னொரு வேலை.

1707இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் காலத்தில் யாழ்ப்பாணத் திசாவையாக, அதாவது மாகாண அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஈசாக் என்பவர், கவர்னர் சைமன்ஸின் கட்டளைப்படி ஊர் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். அதைத் தமிழாக்கிப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள், இன்றைக்கும் வடக்கில் செல்லும். அதன் ஆங்கில வாசகத்தில் முதுசொம் ‘மொதேசியம்’ என்று கிடக்கிறது. முதல் முறை பார்த்தபோது ஏதோ மருந்தின் பெயர் என்றே எண்ணினேன்.

தேசவழமையில் சொத்து மூன்று. புருஷன் கொண்டுவருவது முதுசொம், பெண் கொண்டுவருவது சீதனம், கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்த்தது தேடியதேட்டம். ஆதியில் முதுசொம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்று இரண்டு வாய்க்காலாக ஓடியது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே அது குழம்பிவிட்டது என்று அந்த ஏட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு 1911 கட்டளைச் சட்டத்தில் பெற்றோர், பாட்டன் பூட்டன் வழியாக வருவதெல்லாம் முதுசொம் என்று வரையறுத்தார்கள். பிள்ளையில்லாத சகோதரன், மாமன் என்று பக்கவாட்டிலிருந்து வருவதற்குப் பெயர் ‘உரிமை’. தமிழ்நாட்டு ஆட்கள் எதற்கெடுத்தாலும் உரிமை உரிமை என்பீர்கள், எங்கட சட்டத்தில் அது ஒருவகைச் சொத்து!

இப்போது முதுசம் என்பதை ஊரின் பழைய கோயில், ஏடு, கூத்து எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள், “எங்கட முதுசம்” என்று. மலாய்க்காரர் வாரிசானைக் கொண்டுபோன அதே இடம்.

பாவலர்மகள்
கொக்குவிலான், பெண்ணுக்குத் தனி வாய்க்கால் என்று கேட்க நன்றாக இருக்கிறது. அவள் அதை விற்க முடியுமா?

கொக்குவிலான்
அங்கேதான் கை வைக்கிறீர்கள். அசையாச் சொத்து என்றால் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் காரணமில்லாமல் மறுத்தாலோ ஆளையே காணவில்லை என்றாலோ நீதிமன்றத்துக்குப் போய்ச் சம்மதம் வாங்கலாம். சொத்து அவளுடையது, பேனா அவருடையது. வெளிநாட்டில் புருஷனும் ஊரில் மனைவியுமாக இருக்கிற எத்தனையோ குடும்பங்களில் காணி உறுதி எழுதும்போது இது பெரிய இழுபறி. சீதனம் வாங்கிப் போன மகள் தாய் தகப்பனின் மிச்சச் சொத்தில் கேட்க வரக்கூடாது என்பதும் பழைய விதி. சீதன ஓலை எழுதிய அன்றே கணக்கு முடிந்தது.

முன்வாங்குரிமையும் உண்டு. காணியை விற்கப் போனால் முதலில் பங்காளர்களைக் கேட்க வேண்டும். ஒருகாலத்தில் ஒற்றி பிடித்த பக்கத்துக் காணிக்காரரும் உரிமை கேட்கலாம் என்றிருந்தது, 1947இல் கூட்டுச் சொந்தக்காரருக்கும் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் மட்டும் என்று சுருக்கினார்கள்.

நாஞ்சிலான்
ஆண் வாய்க்கால் பெண் வாய்க்கால் எல்லாம் சரி, எங்கள் நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி இருந்ததே. மாமனுடைய சொத்து சகோதரி மகனுக்கு. சொந்தப் பிள்ளைகளுக்குக் கையை விரித்தால் பாவம் என்று அவர்களுக்கு ஒரு சிறு பங்கு, அதன் பெயர் ‘உகந்துடைமை’, உகந்து கொடுத்த உடைமை. பெயரைப் பாருங்கள், பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பது பிரியத்தால் கொடுப்பது, சகோதரி பிள்ளைக்குப் போவதுதான் முறை. 1926இல் திருவிதாங்கூர் அரசு வெள்ளாளருக்குத் தனிச் சட்டம் போட்டு மக்கள் வழிக்குத் திருப்பியது. அதுவரை கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி இறங்கினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வாரிசு யார் என்று கேட்டால் அப்பனைக் காட்டாதே, அம்மாவனை, அதாவது தாய்மாமனைக் காட்டு என்பார்கள்.

மேலவீதி
எல்லாரும் வாரிசிலேயே நிற்கிறீர்கள், மிராசை ஒருவரும் எடுக்கவில்லை. இங்கே மிராசுதார் என்றால் நூறு வேலி நிலம், வில்வண்டி, வெற்றிலைச் செல்லம் என்று ஒரு படம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சினிமாவும் சேர்ந்து ஒட்டியது. சொல்லின் பொருளில் பணக்காரன் என்பது இல்லவே இல்லை. வழிவழிப் பங்கு உடையவன், அவ்வளவுதான். அரைக்கால் பங்குக்காரனும் மிராசுதார்தான்.

நவாபு கச்சேரி மிராசு என்று எழுதுவதற்கு முன்னால் இதற்குத் தமிழில் பெயர் இருந்தது. காணி, காணியாட்சி. சோழர் கல்வெட்டு நெடுக காணி. அதை விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள், மகளுக்குக் கொடுத்தார்கள். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லீசன் என்ற எல்லிஸ் துரை, தமிழும் தெலுங்கும் ஒரு குடும்பம் என்று 1816இலேயே எழுதியவர், 1818இல் மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட 17 கேள்விகளுக்கு எழுதிய பதில் ஒரு புத்தகமாகவே வந்தது. தொண்டை மண்டலத்துக் காணியாட்சிதான் மிராசு என்று பழைய சாசனங்களைக் காட்டி வாதாடினார். நிலம் எல்லாம் அரசாங்கத்துக்கே என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அது கசந்தது.

மிராசின் உள்ளே என்ன இருந்தது என்றால், நிலத்தின் மேல் பங்கு மட்டும் இல்லை. களத்துமேட்டில் நெல்லில் இத்தனை படி, குளத்து மீனில் பங்கு, மனைக்கட்டில் பங்கு, ஊர்ப் பொது வருமானத்தில் பங்கு. சில ஊர்களில் நிலத்தைக் கரைகளாகப் பிரித்து, சில வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வார்கள், கரையீடு என்று பெயர். நல்ல மடை நிலம் ஒரே ஆளிடம் தங்கிவிடக் கூடாது என்று. ஆனால் இந்த நியாயம் எல்லாம் பங்குக்காரர்களுக்குள்ளேதான். குத்தகைக்கு உழுத உள்குடி, புறக்குடிப் பாயகாரிகளுக்குப் பங்கு கிடையாது. சேற்றில் இறங்கிய பண்ணையாளுக்கு அதுவும் கிடையாது, அவனுக்குக் கடன்தான் பரம்பரையாக வந்தது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் அதே பண்ணையில் நின்றான். 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கென்றே எதற்காக வந்தது என்று யோசித்தால் புரியும். நில உச்சவரம்பு 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970இல் 15 ஆனது. மிராசு என்ற வார்த்தை அதோடு கிழவர்கள் வாயில் மட்டும் என்றாகிவிட்டது.

அரியலூரான்
இத்தனை வரும் என்று நினைக்கவில்லை. சும்மா ஒரு சந்தேகம், வேலைக்கும் மிராசு உண்டா? எங்கள் ஊரில் ஒரு வீட்டை ‘கணக்குப்பிள்ளை மிராசு வீடு’ என்பார்கள். அந்த வீட்டில் இப்போது யாரும் கணக்குப்பிள்ளை இல்லை.

மேலவீதி
உண்டே. கர்ணம் என்ற ஊர்க் கணக்கு வேலை, மணியம் என்ற ஊர்த் தலைமை வேலை எல்லாம் பரம்பரை. 1895இல் அதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள், இன்ன வேலை இன்ன குடும்பத்துக்கு என்று. 1980 நவம்பர் 13 அன்று எம்.ஜி.ஆர் அரசு ஓர் அவசரச் சட்டத்தில் கிராமப் பகுதிநேர அதிகாரி பதவிகளை ஒழித்தது, அடுத்து வந்தவர்கள் இன்றைய கிராம நிர்வாக அலுவலர்கள், அதாவது வி.ஏ.ஓ.க்கள். உங்கள் மாமனார் வாரிசு மனுவை விசாரிக்க வீட்டுக்கு வருகிறாரே, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வாரிசுக்கு என்று இருந்த நாற்காலி.

கோயிலிலும் அப்படியே. அர்ச்சகர் வேலை அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்பதைத் தமிழ்நாடு 1971இல் எடுத்தது, உச்ச நீதிமன்றம் 1972இல் அந்த அளவுக்குச் சரி என்றது.

கிள்ளான்வாசி
திருப்பதியில் லட்டுக்கே மிராசு இருந்தது என்று என் தாத்தா சொல்வார். கதையா, நிஜமா?

மேலவீதி
நிஜம். திருமலையில் அர்ச்சகர் மிராசு தனி, மடப்பள்ளி மிராசு தனி. பிரசாதம் பண்ணுகிற குடும்பங்களுக்கு லட்டில் பங்கு உண்டு, அதை அவர்கள் விற்றுக்கொள்ளலாம். என்.டி. ராமராவ் ஆட்சியில் 1987ஆம் வருஷத்து ஆந்திர அறநிலையச் சட்டம் எல்லா மிராசையும் எடுத்துவிட்டது. வழக்குப் போட்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், பரம்பரையாக வேலைக்கு வருவது மதச் சடங்கின் பகுதி இல்லை, அதை அரசு எடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இப்போது லட்டு பிடிப்பதற்குத் தேவஸ்தானம் சம்பளம் கொடுக்கிறது.